அமாவாசையில் காயும் நூல்

சம்பத்: குதிச்சிடுவாளா?

சாவித்திரி: உஷ்... கேக்க வுடு. கெணத்தாண்ட நிக்கறா. அவன் வந்து கையப் புடிச்சான்னா...

சம்பத்: வரமாட்டான். அவன் மூஞ்சியே சரியில்ல.

சாவித்திரி: ரேடியோவுல மூஞ்சிய எங்க பாத்தே நீ?

சம்பத்: கொரலக் கேட்டாத் தெரியாதா? களவாணிப் பய.

சாவித்திரி: சரி, கொஞ்சம் கம்மி பண்ணு. நாடகம் தெரு மொத்தத்துக்கும் கேக்குது.

சம்பத்: நேத்தும் இதே அளவுதான் வெச்சேன். ஒரு காக்கா குருவிகூட திரும்பிப் பாக்கல.

சாவித்திரி: நேத்து தெரு பூரா தறி ஓடிச்சி. தடக்கு தடக்குன்னு அந்த சத்தத்துல இது எங்க கேக்கும்? இன்னிக்கு இன்னா... ஒரு வூட்டுத் தறிகூட ஓடல?

சம்பத்: ஆமா... இன்னா ஒரே அமைதியா கீது?

சாவித்திரி: மத்தியானம் வடையும் பாயசமுமா துன்னியே, எதுக்குன்னு நெனச்சே?

சம்பத்: ஆசையா செஞ்சி போட்டேன்னு நெனச்சேன்.

சாவித்திரி: கிழிஞ்சிது. அமாவாசைய்யா! சுட்டவ எனக்கும் தோணல பாரு... நிறுத்து, நிறுத்து!

சம்பத்: நிறுத்திட்டேன். அவ்ளோதான? இனிமே எவனுக்குத் தெரியும்?

சாவித்திரி: மாடி?

சம்பத்: மாடியில இன்னா?

சாவித்திரி: நூலு! கம்பிய மறைக்க செவப்பு நூலத் தொங்கவுட்டு வெச்சிருக்கமே... மத்த அமாவாசைக்கு மொத நாளே அவுத்து வெச்சிடுவோம், இந்த வாட்டி மறந்துட்டோம். அமாவாசை அன்னிக்கு எந்த நெசவுக்காரன் நூல் காயப் போடுவான்?

சம்பத்: ஐயோ... சரி, போய் நூல மட்டும் உருவிடு.

சாவித்திரி: உருவினா உள்ள இருக்கிற செப்புக்கம்பி வெயில்ல பளபளன்னு மின்னும். நூல் இருந்தாலும் மாட்டிப்போம், இல்லன்னாலும் மாட்டிப்போம்.

சம்பத்: எல்லாம் அந்த ஆம்பூர் தோல்ஷாப்பு இஷ்தியாக் பாய் சொன்னது. ஒசரமா கம்பி கட்டினாதான் சிலோன் புடிக்கும்னாரு.

சாவித்திரி: பாய் மேல பழியப் போடாத. அவரு கம்பி கட்டத்தான் சொன்னாரு. அதுக்கு நூல் சட்டை மாட்டினது நீயி.

சம்பத்: முனிரத்தினம் வூட்ல ரேடியோ கம்பி கட்டின மூங்கில் ஆடிக்காத்துல சாயாம இருந்திருந்தா இந்த பேஜாரே இல்ல. சாஞ்சதுதான் சாஞ்சிது, போயும் போயும் சங்கத் தலைவரு தெருவுல நீட்டி வெச்ச பாவு நூல் மேலயா சாயணும்?

சாவித்திரி: ஒரு இழ மிச்சமில்லாம அறுத்துடுச்சே. மனுஷன் சும்மா இருப்பாரா? அன்னிக்கே சங்கத்தக் கூட்டி, இனிமே எவன் மாடியிலயும் ரேடியோ கம்பி இருக்கக்கூடாது, மீறினா பாவு நீட்ட தெரு கெடையாதுன்னு தீர்மானம் போட்டுட்டாரு.

சம்பத்: தெரு இல்லன்னா பாவ எங்க நீட்றது, ஆத்துலயா?

சாவித்திரி: பாவு இல்லன்னா தறி இல்ல. தறி இல்லன்னா சோறு இல்ல. அப்புறம் அந்தப் பொண்ணு இல்ல, நாமதான் கெணத்துல குதிக்கணும். நீ ஏணியப் புடி. நூல், கம்பி ரெண்டையும் அவுத்து செவுரோரமா படுக்க வெச்சிட்டு வர்றேன்.

சம்பத்: கம்பிய அவுத்தா நாடகம்?

சாவித்திரி: இப்ப நாடகமா முக்கியம்? ஏணிய ஆட்டாத!

சம்பத்: நான் ஆட்டல, அதுவா ஆடுது. இன்னா, மேல சத்தத்தையே காணோம்? அவுத்தியா?

சாவித்திரி: அவுத்துட்டேன்... அட!

சம்பத்: இன்னா அட?

சாவித்திரி: ஒண்ணுமில்ல. ஏதோ அறுந்துச்சி.

சம்பத்: கம்பியா?

சாவித்திரி: நம்ம கம்பி இல்ல. கத்தாத, எறங்கறேன்.

சம்பத்: எதுக்கு சிரிச்சிக்னே எறங்கற? வூடு பத்திக்னு எரியுது, உனக்கு சிரிப்பா?

சாவித்திரி: மேல ஒரு கூத்து பாத்தேன். அப்புறம் சொல்றேன்.

தனகோடி: சம்பத்து! டேய் சம்பத்து! கதவத் தொற!

சம்பத்: போச்சி. தலைவரே வந்துட்டாரு. ரேடியோ மேல போர்வையப் போடு.

சாவித்திரி: போட்டா ஆள் படுத்துக்னு இருக்கிற மாதிரி கீது.

சம்பத்: கேட்டா உங்கம்மான்னு சொல்லிடறேன்.

சாவித்திரி: உங்கம்மான்னு சொல்லு. அதான் ஓயாம பேசும்... வாங்க மாமா, வாங்க. அத்தை சௌக்கியமா?

தனகோடி: பக்கத்து வூட்ல இருந்துக்னு சௌக்கியம் கேக்கற? காலையிலதான அவகிட்ட கருவேப்பில வாங்கினு போனே... அது யாரு, மூலையில போத்திக்னு?

சம்பத்: எங்கம்மா, மாமா. ஜுரம்.

தனகோடி: உங்கம்மா ஆலங்காயத்துல இல்ல?

சம்பத்: ஜுரம் வந்துதான்... வந்தாங்க.

தனகோடி: ம்... உக்காந்தாப்ல படுத்துக்னு கீறாங்க. சரி, அது கெடக்கட்டும். மாடியில நூல் காஞ்சிக்னு இருந்துதே...

சம்பத்: மன்னிச்சிக்கணும் மாமா. அமாவாசைன்னு ஞாபகம் இல்லாம வுட்டுட்டோம். இப்பதான் எடுத்தோம்.

தனகோடி: எவன்டா உன்ன எடுக்கச் சொன்னான்?

சம்பத்: ...இன்னா மாமா?

தனகோடி: இல்ல... ஈரத்தோட எடுத்தா பூசணம் புடிக்கும். போயி மறுபடியும் கட்டு.

சம்பத்: அமாவாசையிலயா?

தனகோடி: அமாவாசைன்னா தறிதான ஓட்டக்கூடாது? நூல் காயறது ஒரு வேலையா? அது தன்னால காயுது.

சாவித்திரி: போன அமாவாசைக்கு தாயாரம்மாக்கா ஒரே ஒரு சிட்டம் நூல் காயப் போட்டதுக்கு, அபராதமா கோயில்ல வெளக்கு ஏத்தச் சொன்னீங்களே மாமா?

தனகோடி: அது... நீல நூலு.

சாவித்திரி: நீலம்னா தப்பு, செவப்புன்னா தப்பில்லியா?

தனகோடி: செவப்பு அம்மனுக்கு ஒகந்ததும்மா.

சாவித்திரி: செவப்பு எங்க மாமா கீது? ஆவணியிலர்ந்து காஞ்சி காஞ்சி ரோஸ் ஆயிடுச்சி.

சம்பத்: ஏ, நீ வாய மூடு! மாமா, என்னால முடியல. உண்மைய சொல்லிடறேன். அது நூலு இல்ல...

தனகோடி: நூலுதான்.

சம்பத்: இல்ல மாமா, உள்ள ஒரு கம்பி...

தனகோடி: சங்கத் தலைவர் நான் சொல்றேன். நூலு! நூல் கொடிக்கு எந்தத் தீர்மானமும் கெடையாது.

சம்பத்: எனக்கு தலை சுத்துது சாவித்திரி.

சாவித்திரி: அப்ப தை மாசம் எங்க மொறைக்கு பாவு நீட்ட தெரு உண்டு, இல்ல மாமா?

தனகோடி: யாரு இல்லன்னது? மொத மொறையே உங்களுக்குத்தான். இப்ப மேல ஏறு தாயி.

சாவித்திரி: இருங்க மாமா, இன்னா அவசரம்? வெறும் நூலா கட்டட்டுமா... கம்பியோடயா?

தனகோடி: ...எப்டி இருந்துதோ, அப்டியே.

சாவித்திரி: எப்டி இருந்துதோ அப்டியேன்னா... நடுவுல ஒட்டுப் போட்டு மெல்லிசா ஒரு ஒயர் செவுரு தாண்டி உங்க சமையல்கட்டு ஜன்னலுக்குள்ள போச்சே, நான் அவுக்கும்போது அறுந்துச்சே... அதயும் சேத்துக் கட்டணுமா?

சம்பத்: மாமா!

தனகோடி: ...அந்த ஒயர் மேல மட்டும் பச்ச நூல் சுத்தும்மா, எங்க ஜன்னல் பச்ச. சீக்கிரம் போ... உங்க அத்தை அழுவறா, அந்தப் பொண்ணு இன்னும் கெணத்தாண்டயே நிக்கறா.