நாளைக்கு மழை உண்டா?

அனுசியா: ...நியூஸ்ல படத்தைப் பாத்துட்டேண்ணே. தூத்துக்குடி ரோட்டுல தண்ணி நிக்குது. வராதுன்னு நான்தானே சொன்னேன்? உப்பை மூட வேண்டாம்னு நான்தானே சொன்னேன்?

வேல்ராஜ்: ஏளா அனுசு, அழாம பேசு. ஜெர்மனியில இருந்து அழுதா இங்கன ஒரு எழவும் வெளங்கல.

அனுசியா: எவ்வளவு நேரம் பேஞ்சுச்சு?

வேல்ராஜ்: விடியக்காலையில ஒரு மணி நேரம் இருக்கும். கோடை மழைதானே...

அனுசியா: உப்பளத்துல எத்தனை அம்பாரம் குவிச்சு வச்சிருந்த?

வேல்ராஜ்: ம்... நாலு.

அனுசியா: நாலுமா! ரெண்டு மாசம் வாரின உப்பு. ஓலையைப் போட்டு மூடியிருந்தா பொழைச்சிருக்கும்...

வேல்ராஜ்: போனா போகுது. கடல்ல இருந்து வந்தது கடலுக்கே போயிட்டு.

அனுசியா: இப்படிப் பேசுத ஆளா நீ? பாத்திக்குள்ள நாய் எறங்கினதுக்கு நாள் பூரா ஏசின ஆளுல்லா!

வேல்ராஜ்: வயசாயிட்டுளா. நாயெல்லாம் இப்ப சேக்காளி. மத்தியானம் சாப்பிட்டியா?

அனுசியா: பேச்சை மாத்தாத.

வேல்ராஜ்: சரி, மாத்தல. ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. டீக்கடை நயினார் அண்ணாச்சி போன்லயும் நேத்து 'மழை இல்ல'ன்னுதான் காட்டிச்சு. சூரியன் படம் போட்டு. அவரு எட்டாங்கிளாஸ். நீ கொச்சியில ரெண்டு வருசம், பூனாவுல ஆறு வருசம் மேகத்தைப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினவ. ரெண்டு பேருக்கும் ஒரே பதிலா? முன்னெல்லாம் காத்து எப்பத் திரும்பும், மேகம் எந்தப் பக்கம் கூடும்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லுவ. இப்ப வரும், வராது... அம்புட்டுத்தான்.

அனுசியா: வேலை ஜாஸ்திண்ணே... அங்கன என்ன சத்தம்?

வேல்ராஜ்: லாரி.

அனுசியா: அளத்துலயா?

வேல்ராஜ்: ஆமா... உப்பு ஏத்த வந்திருக்கு.

அனுசியா: காலையில நனைஞ்ச உப்பை சாயங்காலம் எவன் ஏத்துவான்? அளத்து வழியில இன்னைக்கு மாட்டுவண்டிகூட போகாதே. வீடியோவுல வா.

வேல்ராஜ்: இங்கன நெட்டு நிக்காது.

அனுசியா: போனைத் திருப்புண்ணே. கரைஞ்சு கிடக்கதை நான் பாக்கணும். என் வாயால போனது.

வேல்ராஜ்: உன் வாயால ஒண்ணும் போகல, விடு...

அனுசியா: போச்சு! நயினார் அண்ணாச்சி பாத்த அதே ஆப்பைத்தான் நானும் பாத்துச் சொன்னேன்.

வேல்ராஜ்: ...அப்ப உன் வானிலை ஆபீஸு?

அனுசியா: ஆபீஸ் இல்ல. கான்ட்ராக்ட் கார்த்திகையோட முடிஞ்சுட்டு. பெறவு பதினேழு இடத்துக்கு எழுதிப் போட்டேன். 'உங்க ஆராய்ச்சி அருமை, ஆனா...'ன்னு பதினேழு பேரும் ஒரே மாதிரி எழுதுதான். இப்ப ஒரு சரக்குக் கிட்டங்கியில பார்சல் ஒட்டுதேன். ஜன்னல் கிடையாது. வெளிய மழையா வெயிலான்னு எனக்கே தெரியாதுண்ணே.

வேல்ராஜ்: ஏளா...

அனுசியா: மதினி சாவுக்குக்கூட நான் வரல. சேந்து ஆறு மாசத்துல லீவு கேட்டா வேலை போயிருமோன்னு பயம். கடைசியில அதுவும் போச்சு. இப்ப உன் உப்பையும் கரைச்சுட்டேன்.

வேல்ராஜ்: உப்பே கிடையாதுளா.

அனுசியா: என்னது?

வேல்ராஜ்: உன் மதினி போன மறுமாசமே குத்தகை அளத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். சீனித்தாய் வார, நான் சுமக்க... இருபது வருசம். அந்த வெள்ளைக்குள்ள ஒத்தையில நிக்க முடியல. நானும் இப்ப கிட்டங்கிதாம்ளா. துறைமுகத்துப் பக்கம், வாட்ச்மேன். தகரக் கூரை. பேஞ்சா எனக்கென்ன, காஞ்சா எனக்கென்ன.

அனுசியா: அப்ப... ரெண்டு வருசமா தெனமும் போனைப் போட்டு, 'நாளைக்கு மழை உண்டா, அம்பாரத்தை மூடவா'ன்னு எதுக்குண்ணே கேட்ட?

வேல்ராஜ்: 'நல்லாருக்கியாளா'ன்னு கேட்டா, 'இருக்கேன், அப்புறம் பேசுதேன்'னு வச்சிருவ. உப்பு நனைஞ்சிருமேன்னு பயந்தாவது... மறுநாளும் எடுப்பல்லா.