வக்கீல் என்னும் ஒட்டுவாரொட்டி

குடியிருப்போர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே, மேடையை நிறைத்த மூத்தோர்களே, தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் நல்லோர்களே!

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் செயற்குழு கூடியது. குடிநீர்க் குழாய் உடைந்து கிடந்தது, அதைப் பேசவில்லை. மொட்டைமாடி ஒழுகியது, அதையும் பேசவில்லை. கொடுத்த தேநீர் ஆறிப்போகும்வரை சிந்தித்து, வரலாறு மறக்கவியலாத முடிவொன்றை எடுத்தது: நான் வளர்க்கும் பூனை கட்டடத்தைவிட்டு வெளியேற வேண்டும், வெளியேறும்போதும் லிஃப்டில் இறங்கலாகாது!

குற்றம் என்ன? அதன் ரத்தத்தில் ஒரு வைரஸ். தீர்மானம் சூட்டிய பட்டம், ‘ஒட்டுவாரொட்டி’.

என்னண்ணே? “நமக்கு ஒட்டுமா?” என்கிறார் பின்வரிசை அண்ணன். ஒட்டாதுண்ணே. பூனையிடமிருந்து பூனைக்குத்தான் ஒட்டும். எச்சிலால், ஒரே தட்டில் தின்பதால். நீங்கள் பூனையாக இருந்தால் மட்டும் சற்றுத் தள்ளி உட்காருங்கள்.

கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாய்ப் பிறந்ததால் அதற்கு வக்கீல் என்று பெயர். தனக்காக வாதாடத் தெரியாத வக்கீல்! காப்பகம் கைவிரித்தது, அங்கே நோயில்லாத பூனைகள் இருக்கின்றன, நியாயம். வேறு பூனை இல்லாத வீடு கிடைக்கும்வரை என் பின்னறையில் வைத்திருந்தேன். வந்தவர்கள் கொஞ்சினார்கள், வைரஸ் என்றதும் செருப்பைத் தேடினார்கள். ஆயுள் குறைவு என்றார் மருத்துவர். குறைந்த ஆயுளுக்குக் கூரை கூடாதா? காய்ச்சல்காரனைக் கதவுக்கு வெளியே கிடத்துவோமா? இருமுகிறவரை இறக்கிவிட்டுத் தாழிடுவோமா? அனுப்பமாட்டேன் என்றேன்! ஆள் அனுப்பினாலும் அனுப்பமாட்டேன், ஆணை அனுப்பினாலும் அனுப்பமாட்டேன் என்றேன்!

கைதட்டாதீர்கள்; செயலாளர் முறைக்கிறார்.

நேற்று ஆணையைக் கொண்டுவந்தவர் தலைவரின் அக்கா. நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவரும் அவரே.

“எங்க அந்த ஒட்டுவாரொட்டி?” என்றபடி உட்கார்ந்தார். வக்கீல் மடியேறிச் சுருண்டது.

“இறக்கி விடட்டுமாக்கா?”

“சும்மா இரு. நல்லாத்தான் ஒட்டுது.”

“ரொம்ப நாள் இருக்காதுக்கா.”

“எனக்கு மட்டும் எழுதிக் குடுத்திருக்கா? எங்க வீட்ல வேற பூனை கிடையாது. தம்பி மட்டும்தான்.”

“தலைவர் என்ன சொல்லுவாரோ?”

“ஊர்லேருந்து வரட்டும். கூட்டத்துல நீயே சொல்லிடு.”

அவையோரே! நோய்க்கு அஞ்சுவது இயல்பு. அறியாமல் அஞ்சுவதும் இயல்பு. அறிய மறுத்து அஞ்சிவிட்டு, அந்த அச்சத்துக்கு முத்திரை குத்தித் தீர்மானம் என்று அழைத்தால், அதற்கு என் தலை வணங்காது! இன்றும் வணங்காது, என்றும் வணங்காது!

செவிமடுத்த உங்களுக்கும், வெளியூரிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இம்மேடைக்கு வந்த தலைவருக்கும் நன்றி, வணக்கம். வக்கீல் நேற்று மாலை முதல் தலைவர் வீட்டில் இருக்கிறது.