ஏழாவது பக்கம்

– இழுக்காதீங்க முத்தலிப் காக்கா! தானா வரட்டும். பேப்பர் கிழிஞ்சா என்ட அஞ்சு வருச சேவையும் கிழிஞ்சி போகும்.

– இது என்ட பெக்ஸ் மிசின், அஹமட் தம்பி. என்ட கை பட்டாத்தான் ஓடும். வாவிக்கு அங்கால ஷெல் விழுந்தா லைன் அறுந்திரும், அதுக்குள்ள எடுத்திரணும். றமீஸா புள்ள, நீ அந்தக் கதிரையில இரி.

– இரிக்க ஏலுமா காக்கா? பதினொரு மணிக்கு ஏஜென்சிக்காரர் கொழும்பில இருந்து இந்தக் கடைட மத்த லைனுக்குத்தான் போன் எடுப்பாரு. இவருக்கு வேல இரிக்கா இல்லையா எண்டு இண்டைக்குத் தெரிஞ்சிரும். இன்னம் கால் மணித்தியாலம்!

– வந்திட்டு, வந்திட்டு, முதலாவது பக்கம்! வாசி தம்பி, கெதியா!

– என்ட பழைய கம்பெனிட கடிதம் காக்கா. என்ட முழு ரெக்கோட்டையும் நான் வேல கேட்ட கல்ஃப் கம்பெனிக்கு முந்தநாளே அனுப்பியாச்சாம். அதுட கொப்பிதான் இது.

– சண்டையால பறப்ப நிப்பாட்டி, ஒன்ன வீட்ட அனுப்பின கம்பெனிதானே? அவனுகள் ஏன் இப்ப ஒன்ட கதையப் புதுக் கம்பெனிக்குச் சொல்லணும்?

– பைலட்ட வேலைக்கு எடுக்கக்குள்ள அப்பிடித்தான். எத்தின மணித்தியாலம் பறந்த, எந்தச் சோதின பாஸ், எது பெயில், எல்லாத்தையும் பழைய இடத்தில கேப்பாங்க. எத்தின பேர்ட உசிரு!

– அப்ப ரெண்டு தோளிலயும் இரிந்து நன்ம தீம எழுதுற மலக்குமார்ட ஏடு எண்டு சொல்லு!

– கலியாணத்துக்கு விசாரிக்கிற மாதிரியும்தான் காக்கா. ஆனா எங்கட வாப்பா ஊரெல்லாம் விசாரிச்சும், இவரு குறட்ட விடுவாரெண்டு ஒருத்தரும் சொல்லல்ல.

– றமீஸா, சும்மா இரி! ரெண்டாவது பக்கம் பாருங்க. ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது மணித்தியாலம்!

– மாஷா அல்லாஹ்! நான் இந்தக் கடையில அவ்வளவு நேரம் நித்திரகூடக் கொண்டதில்ல.

– மூணாவது, பாஸ். நாலாவது, ராப்பறப்பு, பாஸ்!

– சோக்கு தம்பி, சோக்கு! அஞ்சாவதும் தலைய நீட்டுது.

– இஞ்சாருங்க, முதல் பக்கத்தில கடேசி வரிய வாசிக்காம விட்டுட்டீங்களே.

– என்ன வரி?

– "உங்கள் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியதும் இந்த ரெக்கோட்டும் பொருந்தாவிட்டால் வேலை கிடைக்காது என்று கல்ஃப் கம்பெனி அறிவித்துள்ளது." அப்பிடித்தான் இங்கிலீசில இரிக்கி.

– குடு பாப்பம். யா அல்லாஹ்! காக்கா, மிசின நிப்பாட்டுங்க!

– நிப்பாட்டுறதா? உனக்கென்ன விசரா?

– நிப்பாட்டுங்க எண்டுறன்! இந்த லிஸ்டில ஏழாவதா அதான் இரிக்கி. ஏழாவது பக்கம் வரப்படா!

– இஞ்ச நிப்பாட்டி என்ன தம்பி? கல்ஃபுக்கு முந்தநாளே போயிட்டெல்லா?

– ஓம்... போயிட்டு. எல்லாம் போயிட்டு.

– என்னங்க இரிக்கி ஏழாவதில?

– றமீஸா, ஒனக்கிட்ட நான் சொல்லல்ல. தொண்ணூத்தாறில சிங்கப்பூரில ஒரு சோதினையில பெயில். அறைக்குள்ள பொய்ப் பிளேன் ஒண்டு. எடது எஞ்சின் நெருப்புப் புடிச்சதெண்டு மணி அடிச்சாங்க. நான் பதறிப் போய் வலது எஞ்சின நிப்பாட்டிட்டன்.

– அப்ப ரெண்டும் போச்சா?

– ரெண்டும் போச்சு காக்கா.

– எத்தின பேர் மௌத்து?

– ஆருமில்ல காக்கா! அறைக்குள்ளதானே.

– அல்ஹம்துலில்லாஹ். நான் பயந்திட்டன்.

– ஒரு மாசம் கழிச்சிப் போய்த் திரும்பச் செஞ்சன், பாஸ். அது எட்டாவது பக்கத்தில வரும். ஆனா விண்ணப்ப ஃபோமில கேட்டாங்க, எப்பவாவது பெயில் விட்டீங்களா எண்டு. நான் "இல்ல" எண்டு எழுதிட்டன்.

– ஏன் தம்பி அப்பிடி எழுதின?

– ஒரு வருசமா சைக்கிளில திரியிறன் காக்கா. மீன் சந்தையில சனம் "பைலட், எங்க பிளேன்?" எண்டு கேட்டுச் சிரிக்கிது. உள்ளத எழுதினா இதுவும் போயிரும் எண்டு பயந்திட்டன். வெக்கமா இரிக்கி.

– ஏழாவது வந்திட்டு தம்பி. பெரிய எழுத்தில "பெயில்"தான்.

– றமீஸா, ஏஜென்சி ரெண்டு ஃபோம் தந்திச்சே! ஒண்டு பிழைச்சா பாவிக்க எண்டு, வெறும் ஃபோமிலயும் கையெழுத்து வெச்சி ஒனக்கிட்டத் தந்தனெல்லா? ஓடிப் போய் எடுத்துக் கொண்டா! உள்ளத எழுதி இப்பவே பெக்ஸ் பண்ணுவம்!

– அது வீட்ட இல்லங்க.

– வீட்ட இல்லையா? வேற எங்க?

– அந்தா போன் அடிக்கிது! பதினொண்டு!

– எடுக்காதீங்க காக்கா! நான் இல்லையெண்டு சொல்லுங்க!

– பொய்க்கு மேல பொய்யா தம்பி? என்ட வாயால சொல்ல மாட்டன்.

– தாங்க காக்கா, நான் கதைக்கிறன். ஹலோ... ஓம் சேர், அஹமட்ட வீட்டுக்காரி... ஓம், அந்த எழுத்து என்ட எழுத்துத்தான், கையெழுத்து அவருட... ஓம்... மெய்யா சேர்? திங்கக்கிழமையா? வருவாரு சேர்! வழியில வெலிக்கந்தயில ஆமி செக்கிங் இரிக்கி, ஞாயிறே வெளிக்கிட்டு வருவாரு!

– என்ன புள்ள சொல்றான்? சொல்லன்!

– ஃபோமும் ரெக்கோட்டும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்திட்டாம் காக்கா. இவர எடுத்திட்டாங்களாம்!

– எப்பிடிப் பொருந்தும் றமீஸா? நான் "இல்ல" எண்டெல்லா எழுதினன்! நீதானே அதத் தபாலில போட்ட!

– நீங்க எழுதினது அலுமாரிக்குள்ள கிடக்கு. அதே அலுமாரிக்கு முன்னால கதிரையப் போட்டு, தொண்ணூத்தாறில ஒரு மாசம், "எடது, எடது" எண்டு சொல்லிச் சொல்லி வெறுங்கையால எஞ்சின் நிப்பாட்டிப் பழகினீங்க. பாஸான மனிசன் அப்பிடிப் பழகுவாரா? அதுதான் மத்த ஃபோமில "ஓம், ஒருக்காப் பெயில்" எண்டு நான் எழுதி அனுப்பினன்.