மருந்து வர்ற வரைக்கும்

…இல்லப்பா, நீயே சொல்லு, மருந்து காணாமப் போனா அதுக்கு நானா பொறுப்பு? ஒரு ஆளு, ரெண்டு கை… ஓ, மன்னிச்சுக்கோ. உன்கிட்ட கையப் பத்திப் பேசக் கூடாது. பத்து மணிக்கு டாக்டர் ஹாலோவே உன் கைய எடுக்கணும். முழங்கைக்குக் கீழ எலும்பு தூள் தூளாயிருக்கு, எடுத்துத்தான் ஆகணும், அதுல பேச்சே இல்ல. ஆனா மயக்க மருந்தக் காணோம். நாலு புட்டி குளோரோபாரம், மூடி தெறக்காத புட்டி. அசையாத தம்பி, கட்டு நனையுது பாரு.

தேடச் சொல்லியிருக்கேன், கெடச்சிரும். வடக்கும் தெக்கும் அடிச்சுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து, ரெண்டு வருஷமா இந்த வடக்குப் படைக்கு மருந்துச் சார்ஜெண்ட் நான். க்ரான்டல்னு சொன்னா கழுதைக்குக் கூடத் தெரியும். இந்த ஆஸ்பத்திரிய நடத்துறது யாருன்னு நெனைக்கிறே, லெவி? லெவிதான உன் பேரு? டாக்டரா நடத்துறாரு? அவருக்கு ரம்பத்த விட்டா ஒண்ணும் தெரியாது. தண்ணி, வெறகு, வைக்கோல், வெட்டுன கையக் காலக் கொண்டுபோய்ப் பொதைக்கிறது வரைக்கும் எல்லாம் இந்தத் தலையிலதான்.

எடம் புடிச்சுக் குடுத்தானுங்க பாரு எடம்! புகையிலை காயப்போடுற கொட்டாய். இதுக்குச் சொந்தக்காரன், ஒரு வர்ஜீனியாக்காரன், போறப்போ ஒரு இலை விடாம சுருட்டிட்டுப் போயிட்டான், வாசனைய மட்டும் வச்சிட்டுப் போயிருக்கான். ராவும் பகலும் மூக்குல ஏறுது. மெல்ல ஒரு துணுக்கு விட்டு வைக்கல. இது மனுசன் இருக்கிற எடமா?

வெளிய மஞ்சக் கொடி பாத்தியா? ஆஸ்பத்திரின்னு தெரியணுமாம். தெரிஞ்சுச்சு, ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற தெக்கத்தி பீரங்கிக்காரனுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்சுச்சு. போன வாரம் சமையக்கட்டு போச்சு. கொடிய எறக்கலாமான்னு எழுதிக் கேட்டேன். வாஷிங்டன்ல யோசிக்கிறாங்களாம். யோசிக்கட்டும், அவங்க சமையக்கட்டு பத்திரமாத்தான இருக்கு.

அப்புறம் வடக்க இருந்து நம்ம ஊரு அம்மாமாருங்க அனுப்புற பெட்டி. மனசு தங்கமான மனசு, இல்லைங்கல. ஆனா இந்த ஜூலை வெயில்ல கம்பளிக் காலுறை! அதுவும் ஒத்தக் காலு போனவனுக்கு ஜோடி ஜோடியா. ஊறுகா ஜாடி வழியில ஒடஞ்சு, கட்டுத் துணியெல்லாம் காடி நாத்தம். ஊறுகா, காலுறை எல்லாம் கூடப் பரவால்ல. பிரசுரம் இருக்கே, பிரசுரம்… பன்னெண்டு பெட்டி! பக்தியான துண்டுப் பிரசுரம். ஒண்ணுக்குத் தலைப்பு என்ன தெரியுமா, ‘கைகள் செய்யும் பாவங்கள்’. அதக் கொண்டாந்து இந்த வரிசையில குடுத்தாரு நம்ம படைப் பாதிரியாரு. இங்க ஒருத்தனுக்கும் ரெண்டு கை உருப்படியாக் கிடையாது. அந்த மூலையில படுத்திருக்கான் பாரு ஜெப்தா, ‘சார்ஜெண்ட், எனக்குப் பாதிப் பாவம் தீந்துருச்சு, மீதிய மட்டும் படிச்சாப் போதும்ல’ன்னு கேக்குறான்.

ஆனா ஒண்ணு, அந்தப் பெட்டியாலதான் மருந்து இத்தன நாளு தப்பிச்சுது. கிட்ட வா, ரகசியம்… சரி, நீ வர வேணாம், நான் வர்றேன். இந்தப் படையில குளோரோபாரத்த வெளிய வச்சா ஒரு நாளு தங்காது. மேஜருக்குத் தூக்கம் வரலைன்னா கைக்குட்டையில நாலு சொட்டு. தீனிக் கிடங்குக்காரனுக்குப் பல்லு வலின்னா எட்டு சொட்டு. சமையக்காரன் ஒரு நாளு அடுப்பு மேலயே மயங்கி விழுந்தான். அதனால நான் என்ன பண்ணுனேன், நாலு புட்டியையும் வைக்கோல்ல சுத்தி, ஒரு பிரசுரப் பெட்டிக்குள்ள அடியில போட்டு, மேல பாவங்கள அடுக்கி ஆணி அடிச்சிட்டேன். எட்டாயிரம் பேரு இருக்கிற பாசறையில பிரசுரப் பெட்டியத் தெறக்குறவன் ஒருத்தன் கிடையாது. பாதிரியாரே ரெண்டாவது பெட்டியத் தெறக்கல.

சிரிக்காத. வெளையாட்டுக்கு ஒளிக்கல நான். போன வருஷம் மேய்ன் ஊரு ஆளு ஒருத்தனுக்கு, மருந்தே இல்லாம தொடையோட கால எடுத்தோம். எல்லாச் சொட்டும் மேஜருங்க தூக்கத்துக்குப் போயிருந்துச்சு. நாலு பேரு அமுக்கிப் புடிச்சோம். நான் தலைமாட்டுல. மொதல்ல அம்மாவக் கூப்புட்டான், அப்புறம் என்னைத் திட்டுனான், அப்புறம்… விடு. அன்னிக்குச் சொல்லிக்கிட்டேன், இனி ஒருத்தனையும் முழிச்சிருக்கச்சே வெட்ட விடமாட்டேன்னு. நெசமாத்தான் சொல்றேன் தம்பி.

எவன் எடுத்திருப்பான்? பதினோரு பெட்டிதான் இருக்கு, பதினொண்ணையும் பிரிச்சாச்சு, வெறும் பாவந்தான் இருக்கு. மேஜர் மேல சந்தேகம் எனக்கு. பாதிரியாரு மேலயும் இருக்கு, அவரு கொஞ்ச நாளா நல்லாத் தூங்குறாரு. கழுதை ஓட்டுற ஒபடையா? அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது…

என்ன மொறைக்கிறே? வாயப் பாக்குறியா? ஆமா, புகையிலைதான். இரு, துப்பிட்டு வர்றேன். …நேத்துதான் வந்துச்சு. ஏதுன்னு கேக்குறியா? ஆத்தோரக் காவலுக்குப் போனதில்லையா நீ? நாம காப்பிக்கொட்டை குடுப்போம், தெக்கத்தியான் புகையிலை குடுப்பான். தளபதிங்க கண்ணுக்குத் தெரியாம ரெண்டு பக்கமும் நடக்குறதுதான். இப்ப அவனுங்களுக்குக் காகிதப் பஞ்சம். வீட்டுக்கு லெட்டர் எழுத ஒரு தாளு கிடையாதாம். நம்ம பிரசுரத்துக்குப் பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு? எனக்கு ஒரு யோசனை. ஒரு பெட்டி பிரசுரம், ரெண்டு கட்டு இலை. நேத்துச் சாயங்காலம் ஒபடையாகிட்ட ‘ஏதாவது ஒண்ணத் தூக்கிட்டுப் போடா’ன்னேன். எல்லாருக்கும் லாபம். அவன் பாவத்தத் தெரிஞ்சுக்குவான், நான் நிம்மதியா மெல்லுவேன்.

காலையில அந்தக் கரையில ஒரே கூச்சல், தொப்பியத் தூக்கித் தூக்கிப் போட்டு மூணு தடவ. பிரசுரத்துக்கு இவ்வளவு பக்தியான்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சு. அவங்க டாக்டரு ஒருத்தரு வேற கரைக்கே வந்து இந்தப் பக்கம் பாத்துக் கும்புடு போட்டாரு. பாவம், நம்ம கப்பலுங்க அவனுங்க துறைமுகத்த அடைச்சதுலேர்ந்து அவருகிட்ட ஒரு சொட்டு…

…ஒரு சொட்டு…

ஒபடையா தூக்கயில கனமா இருக்கு, உள்ள ஏதோ குலுங்குதுன்னு சொன்னான். பாவம்னா குலுங்கத்தான் செய்யும்னு நான்தான்… நான்தான் கழுதையத் தட்டி அனுப்புனேன்.

லெவி. மெதுவாப் பேசு. நீ எங்க பேசுனே, நான்தான் பேசுறேன். மேஜரு இல்ல. பாதிரியாரும் இல்ல. உன் மயக்கத்த நான்தான் வாயில போட்டு மென்னுக்கிட்டு இருக்கேன். உன் மூஞ்சியப் பாக்க முடியலப்பா எனக்கு. டாக்டருகிட்டச் சொல்லிராத. ஒரு மூட்டை காப்பிக்கொட்டை இருக்கு, ஆள அனுப்பி ஒரு புட்டியாவது திருப்பி வாங்க முடியுமான்னு பாக்குறேன். இரு, பலகைச் சந்து வழியாப் பாத்தா ஆறு தெரியும். காவலுக்கு எவன் நிக்கிறான்னு… ம், தண்ணி கொறைவாத்தான் இருக்கு, முட்டிக்கு மேல வராது. அந்தப் பக்கம் கூடாரத்துல வெள்ளத் துணி போட்டு மேசை விரிச்சிருக்கானுங்க. எதமா, அமைதியா இருக்கு, ஒருத்தன் கத்துற சத்தம் இல்ல. இருக்காதுல்ல, நாலு புட்டி. நீ கவலப்படாதே தம்பி, பத்து அடிக்க இன்னும் கால் மணி நேரம்… லெவி?

டேய், கட்டில்ல ஆளக் காணோம். லெவி! …ஆத்துல எறங்குறது யாரு? தம்பி, அது எதிராளி கரைடா. போனா கைதியாப் புடிச்சு வச்சுக்குவானுங்க. நம்ம டாக்டரு நல்ல டாக்டருடா, ஒரே நிமிஷத்துல முடிச்சிருவாரு. …திரும்பியே பாக்க மாட்டேங்கிறான். அங்க ரெண்டு பேரு துப்பாக்கியக் கீழ வச்சிட்டுத் தண்ணியில எறங்கி வர்றானுங்க. கெட்ட கையத் தொடாம நல்ல கையப் புடிக்கிறான் பாரு, விவரமானவன்.

ஜெப்தா, நீ எதுக்கு எந்திரிக்கிறே? உனக்குக் கால எடுக்கிறது அடுத்த வாரந்தானே? ஏய், நீங்க நாலு பேரும் எங்க கெளம்பிட்டீங்க? நான் அவன்கிட்டதானடா ரகசியம் சொன்னேன். அந்த ஊனுகோல வையி. வைக்க மாட்டியா?

மணி அடிச்சிருச்சு. டாக்டரு ரம்பத்த எடுத்துக்கிட்டு வெளிய வர்றாரு. எங்கய்யா ஆளு, எங்க மருந்துன்னு கேட்டா நான் எந்த வாயால சொல்லுவேன்?

ஜெப்தா, கொஞ்சம் மெதுவாப் போடா. நானும் வர்றேன்.