அஞ்சரைக் கட்டை

– கதவைச் சாத்து. பிடில்காரர் காதுல என்ன ஓதினே?

– ஒண்ணும் இல்லக்கா. நாளைக்குக் கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொன்னேன். அவ்ளோதான்.

– பார்த்தியா, அவ்ளோதானாம். பள்ளிக்கூடத்துல பாட்டு வகுப்பை மூடாதீங்கன்னு நான் மைக்குல கத்திக்கிட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் தூணோரமா குசுகுசுன்னு. நான் இறங்கி வந்ததும் வாய்ல கொழுக்கட்டை.

– பேசிக்கிட்டே எங்களையும் பார்த்தியா? கழுகுக் கண்ணுதான் உனக்கு.

– காது மட்டும் என்னவாம்? பாம்புக் காது. பல் டாக்டரம்மாவையும் நீதானே கிளப்பி விட்டே?

– நம்ம வகுப்புக்கு வர்றவங்களா? அவங்க என்ன பண்ணாங்க?

– என் கச்சேரிப் பதிவைப் போட்டு, கூடவே ஆர்மோனியம் வாசிச்சாளாம். ஒட்டலையாம். ‘உங்க சுருதி அஞ்சரைக் கட்டைன்னு சொன்னீங்களே டீச்சர்’னு பிள்ளைங்க எதிர்ல கேக்கறா. பெட்டியைப் பழுது பாருன்னேன். பார்த்தாச்சாம், பெட்டி சரியா இருக்காம். இது அவளா கேட்ட கேள்வி இல்ல.

– அதுக்கு நீ என்ன சொன்னே?

– முகம் ஏன் வெளுக்குது? நான் ஊர் ஊரா மனு தூக்கிட்டு அலையறப்ப வகுப்பு உன் கைக்கு வந்தாச்சு. இனி மேடை ஒண்ணுதான் பாக்கி. கூடவே உக்காந்து குழி பறிக்கிறவளுக்கு இடம் கிடையாது. நாளைக்கு நீ பின்னால தம்புரா போட வேணாம். வேற ஆள் சொல்லிட்டேன்.

– அக்கா, வகுப்பை விட்டு வேணா துரத்து. தம்புரா மட்டும் நான் போடறேன்.

– பார்த்தியா. பெரிய மண்டபம்னதும் பல்லிளிக்குது ஆசை.

– அந்த ஆள்கிட்ட என்ன சுருதி சொன்னே?

– இது ஒரு கேள்வியா? மேடையேறின நாள்லேருந்து எனக்கு ஒரே சுருதி. அஞ்சரை.

– நாலரைன்னு சொல்லு.

– நாலரையா? அது உன் சாரீரத்துக்கு. எனக்குப் பதிலா நீ பாடறதாத் திட்டமா? பிடில்காரரும் அதுக்குச் சம்மதமா?

– அவர் பிடிலையும் நாலரைக்குத்தான் சேர்ப்பாரு. ரெண்டு வருஷமா தம்புராவும் அப்படித்தான், கச்சேரிக்குக் கச்சேரி மயிரிழை மயிரிழையாக் குறைச்சு. உனக்குச் சளி பிடிச்சு, மேல் சட்ஜத்துல குரல் கிழிஞ்சுதே, அதுக்கப்புறம்.

– உளறாதே. என் சுருதி எனக்குத் தெரியாதா? போன மாசம் மேல் பஞ்சமத்துல நின்னேனே, மண்டபமே எழுந்து நின்னுதே. அது எட்டாத குரலா?

– எட்டினது நீதான்க்கா. நான் கொஞ்சம் தாழ இறக்கி வெச்சேன், அவ்ளோதான்.