ஜகார்த்தாவில் ஒரு டோலக்கு

சுருளிவேல்: இந்தோனேசியாப் பாட்டைக் கேட்டதும் வாசிக்கிறது இன்னார்னு சொல்ல, இந்தத் தேசத்துலயே நான் ஒருத்தன்தான் இருக்கேன் மருதாயி.

மருதாயி: போடியில எல்லார் ரேடியோவையும் ரிப்பேர் பாக்குறீங்க. உங்க ரேடியோ இரையுதேண்ணே.

சுருளிவேல்: அது கடல் தாண்டி வர்ற இரைச்சல். இந்தா பாரு, ஜகார்த்தா ரேடியோ நிலையத்துலருந்து என் பேருக்கு வந்த அட்டை. தோல்பாவைப் படம். அங்கயும் பாண்டவர் கதைதான் ஆட்டுறான்.

மருதாயி: போன ஞாயித்துக்கிழமையும் காட்டுனீங்க. பாட்டு வந்துருச்சு...

சுருளிவேல்: உஸ்... இதுக்குப் பேரு டாங்டூட்டு. டோலக்குச் சத்தத்தையே பேரா வச்சுட்டான். அந்த இடது கையைக் கேளு. உம் புருசன் கன்னையனேதான்.

மருதாயி: அந்தப் பொம்பள என்ன பாடுறா?

சுருளிவேல்: "காத்திரு, கப்பல் வருது"ங்கிறா.

மருதாயி: போன வாரம் வேற பாட்டு. அதுலயும் கப்பல் வந்துச்சு.

சுருளிவேல்: தீவுக்காரன் வேற எதைப் பாடுவான்?

மருதாயி: அண்ணே... நாளைக்கு எங்க ஊரு குரங்கணியில ஊர்க்கூட்டம். நீங்க வந்து சொல்லணும்.

சுருளிவேல்: என்ன கூட்டம்?

மருதாயி: கப்பலேறிப் போனவரு மூணு வருசமா சேதியில்லையாம். தாலியை அத்துட்டு என்னை வேறொருத்தனுக்குக் கட்டிரலாம்னு எங்கண்ணன் வர்றான். மாப்பிள்ளை சிலமலை ஆளு. ரெண்டு பொண்டாட்டியை அடிச்சு விரட்டுனவன்... இவரு உசுரோட இருக்காருன்னு ஒரு சாட்சி இருந்தா விட்ருவாங்க.

சுருளிவேல்: சத்தியம் கேப்பாங்களோ?

மருதாயி: சூடம் அணைக்கணும். ஜீப்பு ஆறு மணிக்குண்ணே.

சுருளிவேல்: மருதாயி... அந்தப் பாசையில எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. கப்பலு நானாச் சொன்னது. கன்னையன் வாசிச்சும் நான் கேட்டதில்ல, நாடகத்துல இருந்தவன்னுதான் தெரியும்.

மருதாயி: தெரியும்.

சுருளிவேல்: தெரிஞ்சுமா வாரம் ஆறு நாளு ஏலக்காய் எடுத்துட்டு, ஏழாம் நாளு மலையிறங்கி வந்து உக்கார்ற?

மருதாயி: அவரு இருக்காருன்னு சொல்ல வேற ஆளு இல்லண்ணே.

சுருளிவேல்: சரி. அணைக்கிறேன். டோலக்கைக் கேட்டேன்னு சொல்றேன்.

மருதாயி: டோலக்கு மட்டும் வேணாம். எங்கண்ணன் சிரிச்சுருவான்.

சுருளிவேல்: அது இல்லேன்னா நான் எதைக் கேட்டேன்னு சொல்ல?

மருதாயி: அவருக்கு அது வாசிக்கத் தெரியாதுண்ணே. நாடகத்துல திரை இழுத்தவரு.