ஓர் ஆள் அகலம்

இரவு ஒன்பதே முக்கால். கடைகளின் முதுகுப்பக்கமாகப் போகும் சந்து. விளக்குக் கம்பம் ஒன்றே ஒன்று, அதுவும் சந்து முனையில். நடந்து போவது ஒரே ஓர் ஆள்...

“இருடா. மொதல்ல எனக்குச் சாஞ்சுக்க ஒரு செவரு குடு,” என்றார் அத்தை.

என் பேய்க்கதை இப்படித்தான் முதல் அடியிலேயே தடுக்கி விழுந்தது. அன்று வீட்டில் ஒன்பது பேர். அறைகள் இரண்டு. அத்தை குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார், ஏழு பெட்டிகள், நான்கு பைகளோடு. எங்கள் வீடு மூன்றாவது மாடி, தரைத்தளத்தில் பெயிண்ட் கடை. வந்த சாமான்களை வைக்க இடமில்லாமல் சமையலறையின் பின்கதவுக்கு முன்னால் கூரை வரைக்கும் அடுக்கினேன். அந்தக் கதவைத் திறந்தால் வெளிப்புற இரும்புப் படி. கொடியில் துணி போடுவதைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

“அந்த மலையைத் தாண்டி நான் எப்படிடா துணி காயப்போடப் போறது?” என்று அத்தை அப்போதே கேட்டார்.

“பக்கவாட்டுல திரும்பிப் போங்க அத்தை.”

“எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அகலம்தான்டா.”

எல்லோரும் சிரித்தோம். அத்தைதான் அதிகம் சிரித்தார்.

விளக்கை அணைத்துவிட்டுப் பேய்க்கதை சொல்லச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்கக்கூட இருட்டில் மனைவியை எழுப்பிக்கொண்டு போகிறவன் நான். என்னிடம்தான் கேட்டார்கள். என் பக்கத்தில் அடுத்த வீட்டுத் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். அவரை நான் விடவில்லை. ஏனென்றால் இது அவருடைய சகலைக்கு நடந்தது. அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நான் எங்காவது கயிறு திரித்தால் மறுப்பதற்கு ஆள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சரி. இரவு ஒன்பதே முக்கால்...

சந்தில் நடப்பவர்தான் சகலை. வீட்டுச் சாமான் கடையில் இரண்டாவது மாடிக்கு மேற்பார்வை. கடையைப் பூட்டி, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வருகிறார். உள்ளே ஒருவரும் இல்லை. விளக்கெல்லாம் அணைத்தாகிவிட்டது.

மேலே இருந்து ஒரு சத்தம்.

சரக்...

நின்றார். காது கொடுத்தார். ஒன்றும் இல்லை. ஓர் அடி எடுத்து வைத்தார்.

சரக்... சரக்...

டைல்ஸ் தரையில் மரப்பலகையை இழுக்கும் சத்தம். இழுக்கிறவருக்குப் பலம் போதவில்லை. கொஞ்சம் இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுக்கிற சத்தம்.

“எலியா இருக்கும்,” என்றார் அத்தை.

“பலகை இழுக்கிற எலியா?” என்றார் தையல்காரர்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சகலைக்கு ஒரு திறமை. எந்த மூலையிலும் சரக்கை நுழைத்துவிடுவார். மூன்று பேர் நடக்கிற வழியை ஒருவர் நடக்கிற வழியாக்கினார். முதல் மாடியில் சுவிட்ச் போர்டை மறைத்து மின்விசிறிப் பெட்டிகளை அடுக்கினார். அதற்கும் மேலே போய், மாடிப்படியில் படிக்கு ஒரு பெட்டி வைத்தார். ஏறுகிறவர் வளைந்து வளைந்து ஏற வேண்டும். “நீ இருந்தா நான் இன்னொரு மாடி கட்டவே வேணாம்யா,” என்று முதலாளி அவர் முதுகில் தட்டினார். நானும் அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். வாளி வாங்கப் போய், வாளிகள் தலையில் விழுந்து, வாங்காமல் வந்தேன். ஆனாலும் அந்த அடுக்கலை வியந்தேன். என் வீட்டுப் பெட்டிமலைக்கும் குரு அவர்தான்.

இரண்டாவது மாடியின் கோடியில் ஒரு பின்கதவு. ஆபத்துக்கு வெளியேறும் வழி. அதை அடைத்துத்தான் மெத்தைகள். சுருட்டி, பாலிதீன் உறை போட்டு, ஒரு பெரிய மரப்பலகை மேல் ஆள் உயரத்துக்கு. நான்கு பேர் தள்ளினால்தான் நகரும். கதவுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சாண் இடம்.

மறுநாள் காலையில் கடை திறந்தபோது அந்த அடுக்கு நகர்ந்திருந்தது. ஒரு முனை அப்படியே இருக்க, மறுமுனை மட்டும் கதவு திறப்பதுபோல் விலகியிருந்தது. ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழைகிற அகலம். கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டது போட்டபடி.

ஆள் வைத்துத் தள்ளி அடைத்தார். அடுத்த நாளும் அதே அகலம்.

முதலாளி வந்து பார்த்தார். “பின்கதவு வழியா சரக்கு போகுதா?”

“இல்லீங்க. தாழ்ப்பாள் உள்ளதான் இருக்கு.”

“அப்போ மெத்தைக்குக் காலு மொளச்சுதா?”

பெருக்குகிற அக்கா ஒருத்தர் அங்கே நின்றார். அந்தக் கட்டிடத்தில் பதினெட்டு வருஷமாகப் பெருக்குகிறவர். முதலாளி போன பிறகு, துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “முன்னாடி இங்க துணிக்கடை. அப்பவும் இந்தக் கதவுக்கு முன்னாடி மூட்டைதான் இருந்துச்சு.”

“அதுக்கென்னக்கா?”

“ஒண்ணுமில்ல.” அவ்வளவுதான். குனிந்து பெருக்கப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் சகலையின் மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். எட்டு மாத வயிறு. அந்த ஒற்றையடி வழியில் குக்கர் பெட்டிகளை உரசிக்கொண்டு வந்தவர், பின்கதவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“ஏங்க, இங்க ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படி வெளிய வர்றது?”

“வாயைக் கழுவு. இங்க என்ன ஆகப்போகுது?”

“எனக்கில்ல. உள்ள இருக்கற ஆளு கேக்குது,” என்று வயிற்றைத் தொட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை. அடுக்கு மறுபடியும் விலகியிருந்தது. ஆனால் இந்த முறை அகலம் கூடியிருந்தது. ஒரு சாண் அதிகம். ஏன் கூடியது என்று சகலைக்குப் புரியவில்லை. அவருக்கு அப்போது யோசிக்கிற நிலையும் இல்லை. மறுநாள் தள்ளுபடி விற்பனை. முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நாளைக்குக் காலைல அது நகர்ந்திருந்தா, மெத்தையோட சேர்ந்து நீயும் நகர்ந்துடு. புரியுதா?”

புரிந்தது. வீட்டில் எட்டு மாதம். ஒரே சம்பளம்.

அன்றிரவு அடுக்கைத் தள்ளி அடைத்து, எல்லோரையும் அனுப்பிவிட்டு, சகலை நைலான் கயிறு எடுத்தார். அடுக்கைச் சுற்றி, இரண்டு பக்கத் தூணிலும் இழுத்துக் கட்டினார். ஒன்பது முடிச்சு. ஒவ்வொன்றையும் பல்லால் கடித்து இறுக்கினார். மூட்டை கட்டியே வளர்ந்த கை. அவர் போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியாது.

பிறகு கைவிளக்கை எடுத்து, கதவுக்கும் மெத்தைக்கும் நடுவே இருந்த அந்த ஒரு சாண் சந்துக்குள் அடித்துப் பார்த்தார்.

பாலிதீன் உறையில் தூசி. தூசியில் கை அடையாளங்கள். இரண்டு உள்ளங்கைகள், பக்கத்தில் இன்னும் இரண்டு, கீழே இன்னும்... கதவுப் பக்கம் நின்று, உள்நோக்கித் தள்ளிய கைகள். அந்த ஒரு சாணில் பூனைகூடத் திரும்ப முடியாது.

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. ஆனால் ரேகை இல்லை. விரலிலும் இல்லை, உள்ளங்கையிலும் இல்லை. வழவழவென்று...

அப்போது ரப்பர் சூடேறுகிற ஒரு வாசனை. லேசாக.

அவர் எப்படிப் படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தான் வைத்த பெட்டிகளிலேயே தடுக்கி, முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு சந்துக்கு வந்து விழுந்தார். மேலே சத்தம் இருந்தது. அன்று இழுக்கிற சத்தம் இல்லை. கயிறு அதிர்கிற சத்தம். டொய்ங்... டொய்ங்... யாரோ இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள்.

“போதும்டா,” என்றார் அத்தை. பிறகு, “அப்புறம்?” என்றார்.

காலையில் அடுக்கு அப்படியே இருந்தது. ஓர் அங்குலம் நகரவில்லை. முதலாளி கயிற்றைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். சகலையின் வேலை பிழைத்தது.

கூட்டம் கடலாக வந்தது. மாலை ஆறு மணிக்கு இரண்டாவது மாடியில் மட்டும் நூறு பேருக்கு மேல். தோளோடு தோள். குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருவர். பாயைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு ஒருவர். அந்த நெரிசலில் சகலை ஒரு முகத்தைப் பார்த்தார். அவர் மனைவி. கையில் நீல நிறக் குளியல் தொட்டி, குழந்தைக்கானது. விலை குறைவு என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்.

‘நீ ஏன் வந்தே’ என்று கேட்க வாயைத் திறந்தார். விளக்கு அணைந்தது.

முதல் மாடி. மின்விசிறிப் பெட்டிகளுக்குப் பின்னால் சுவிட்ச் போர்டு. அது எவ்வளவு நேரமாகப் புகைந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிகிற இடத்தில் அது இல்லை. படி வழியாகப் புகை மேலே வந்தது. எல்லோரும் படிக்கு ஓடினார்கள். இருட்டு, புகை, படிக்கு ஒரு பெட்டி.

அந்தச் சத்தத்தை நான் சொல்லப்போவதில்லை. தையல்காரரும் அன்று தலையைக் குனிந்துகொண்டார். நான்கு பேர். நான்கு பேரும் தீயில் சாகவில்லை. படியில் செத்தார்கள்.

மிச்சமிருந்தவர்கள் பின்கதவுப் பக்கம் திரும்பினார்கள். சகலை முதலில் போய் முடிச்சைப் பிடித்தார். நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்தார். பல் ஆடியது. முடிச்சு அசையவில்லை. பின்னால் அவர் மனைவி இருமுகிற சத்தம் கேட்டது. தொட்டியை வயிற்றுக்கு முன்னால் கவசமாகப் பிடித்திருந்தார். முதுகில் கூட்டம் அழுத்தியது.

“கத்தி இருக்கா? யார்கிட்டயாவது கத்தி இருக்கா?” என்று கத்தினார். பாத்திரப் பிரிவில் இருநூறு கத்திகள் இருந்தன. அங்கே போக வழி இல்லை.

அப்போது கேட்டது. மெத்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சரக்...

கயிறு அவர் கையிலேயே தளர்ந்தது.

சரக்... சரக்...

அடுக்கு ஒரு கதவுபோல் விலகியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம். பின்கதவு திறந்து வெளிக்காற்று முகத்தில் அடித்தது. ஒவ்வொருவராக அந்த இடைவெளியில் நுழைந்து இரும்புப் படியில் இறங்கினார்கள். அவர் மனைவி வயிறு உரசாமல் நுழைந்தார். அளவெடுத்து வைத்ததுபோல் இருந்தது. அளவெடுத்துத்தான் வைத்திருக்கிறது. முந்தைய நாளே.

கீழே சந்தில் உட்கார்ந்து மூச்சு வந்ததும் அவர் மனைவி கேட்டார்: “கதவுகிட்ட நின்னு என் கையைப் பிடிச்சு இழுத்த பொண்ணு எங்கங்க? உங்க கடைப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு?”

“உள்ளங்கை வழவழன்னு இருந்துச்சே... சுட்டுது.”

இரண்டு நாள் கழித்து விசாரிக்க வந்தவர்கள் சகலையை மேலே கூட்டிப்போனார்கள். மெத்தை அடுக்கு விலகித்தான் இருந்தது. கயிறு தரையில் கிடந்தது. அறுபடவில்லை. ஒன்பது முடிச்சும் போட்டது போட்டபடி.

குழந்தை நன்றாகப் பிறந்தது. சகலை இப்போது எந்தக் கடை வேலைக்கும் போவதில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நேராகப் பின்கதவுக்குப் போய், முன்னால் இருக்கிற பெட்டிகளை நகர்த்த ஆரம்பித்துவிடுவார். நான்கைந்து கடைகளில் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ராத்திரி தூக்கத்தில் எழுந்து நடப்பாராம். சமதரையில், ஒவ்வொரு அடிக்கும் காலை உயர்த்தி உயர்த்தி... எதையோ தாண்டித் தாண்டி. நான்கு முறை தாண்டியதும் உட்கார்ந்து அழுவாராம்.

“நெசம்தான்,” என்றார் தையல்காரர்.

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கதை நன்றாக எடுபட்டுவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. தண்ணீர் வேண்டும் என்றேன். வழக்கம்போல் தனியாகப் போக மாட்டேன் என்று தெரிந்து, மனைவியே எழுந்து சமையலறைக்குப் போனாள்.

“ஏங்க,” என்று அங்கிருந்து குரல் வந்தது. “இந்தப் பெட்டியெல்லாம் யாரு நகர்த்துனது?”

யாரும் நகர்த்தவில்லை. தையல்காரரையும் சேர்த்துப் பத்துப் பேரும் கதை முழுக்க இங்கேதான் இருந்தோம். ஒருவர் முழங்கால்மேல் இன்னொருவர் முழங்கால்.

“வெளையாடாதே,” என்றேன்.

“நான் எங்க வெளையாடறேன்? வந்து பாருங்க.”

போனேன். எல்லோரும் என் பின்னாலேயே வந்தார்கள். என் பெட்டிமலை ஒரு முனை அப்படியே இருக்க, மறுமுனை விலகி நின்றது. பின்கதவு தெரிந்தது. தரைக்குக் கீழே எங்கிருந்தோ, பெயிண்ட் கடைப் பக்கமிருந்து, ரப்பர் சூடேறுகிற ஒரு வாசனை. லேசாக.

“கதைக்காக நீதானே பண்ணி வெச்சே?” என்றார் தையல்காரர். என் முகத்தைப் பார்த்த பிறகு மறுபடி கேட்கவில்லை.

நான் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓர் ஆள் அகலம் இல்லை. அத்தை அகலம்.

“எல்லாரும் கெளம்புங்க,” என்றேன். “செருப்பைத் தேட வேணாம். அத்தை... நீங்க மொதல்ல.”

அத்தை அந்த இடைவெளியில் நேராக நடந்து போனார். பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கவில்லை.